ஒரே துறை, பல திட்டங்கள்: துறைத் தலைவருக்கு நிறுவனம் என்ன செய்து தர வேண்டும்?

கஞ்சிக்கோட்டு வரைமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், மின்பேனல் செய்யும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்புத் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். துறையில் பதினான்கு பேர். பாதிப் பேர் பாலக்காட்டுக்காரர்கள், மீதிப் பேர் கோவைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் வாளையார் தாண்டி வருபவர்கள். இப்போது ஒன்பது திட்டங்கள் ஓடுகின்றன. ஐந்து திட்ட மேலாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தத்தம் வாடிக்கையாளர், தத்தம் கெடு. ஆனால் ஜி.ஏ. டிராயிங் (பேனலின் மொத்த அமைப்பைக் காட்டும் வரைபடம்), வயரிங் டிராயிங், பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டை) கணக்கு, பொருள் பட்டியல் என்று எல்லாமே என்னுடைய துறை வழியாகத்தான் போக வேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து வரும் எக்செல் தாளில் ஒவ்வொரு வடிவமைப்பாளரின் பெயருக்கு நேராகவும் ஐந்து திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 100 வருகிறது, ஆகவே தாளின்படி எல்லாம் சரியாக இருக்கிறது. துறையிலோ எந்த டிராயிங்கும் சொன்ன தேதிக்கு வெளியே போவதில்லை. காலையில் ஒரு திட்ட மேலாளர் வந்து நின்றால் அவருடைய வேலை நகர்கிறது. மதியம் இன்னொருவர் பொது மேலாளரை அழைத்துப் பேசினால் அது நின்று வேறொன்று நகர்கிறது.

ஆள் கேட்டுப் பார்த்துவிட்டேன், இந்த ஆண்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே என் கேள்வி ஆளைப் பற்றியதன்று. இருக்கிற ஆட்களைக் கொண்டே பல திட்டங்களுக்கும் ஒழுங்காக வேலை செய்து கொடுக்க, என்னைப் போன்ற ஒரு துறைத் தலைவர் நிர்வாகத்திடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தடா டூல்ரூம் எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் ஸ்ரீசிட்டியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் டூல்ரூம் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவு) பொறுப்பில் இருக்கிறேன். பொருள் வேறு, தலைவலி ஒன்றுதான். முதலில் அந்த 20 சதவீதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான துறைகளில் கேடு தொடங்கும் இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வடிவமைப்பாளரிடம் மூன்று திட்டங்களின் வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் அவருக்கு நான்கு வார உழைப்பு. மூன்றையும் பங்கிட்டு, இதில் ஒரு நாள் அதில் ஒரு நாள் என்று செய்தால் மூன்றுமே பன்னிரண்டாம் வாரத்தின் விளிம்பில்தான் முடியும். ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தால் முதலாவது நான்காம் வாரமும், இரண்டாவது எட்டாம் வாரமும், மூன்றாவது பன்னிரண்டாம் வாரமும் முடியும். கடைசித் திட்டத்துக்கு ஒரு நாள்கூட இழப்பில்லை. முதல் திட்டத்துக்கு ஏறத்தாழ எட்டு வாரம் மிச்சம். இதில் ஆள் கூடவில்லை, ஓவர்டைம் கூடவில்லை. ஒரு டிராயிங்கை மூடிவைத்து இன்னொன்றைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க ஆகும் நேரத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் பங்கிட்டுச் செய்யும் வழி பன்னிரண்டு வாரத்தையும் தாண்டிவிடும்.

ஆகவே நீங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் பொருள், ஒருவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு. எங்கள் டூல்ரூமில் ஒருவருக்கு இரண்டு: ஒன்று நடப்பது, மற்றொன்று முதல் வேலை ஏதேனும் விளக்கத்துக்காக நின்றுபோனால் எடுத்துக்கொள்வது. மூன்றாவது வேலை யார் அனுப்பினாலும் வரிசையில்தான் நிற்கும்.

நகரி திட்டம் எழுதியது:

நான் திட்ட மேலாளர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். தடா அண்ணன் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதலில் முடியும் திட்டம் என்னுடையதாக இருக்கும்வரையில்தான் அந்தக் கணக்கு எனக்கு இனிக்கும். மூன்றாவதாக நிற்கும் திட்டத்தின் மேலாளர் எட்டு வாரம் ஒரு கோடு கூடப் போடப்படாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, வாரந்தோறும் வாடிக்கையாளருக்கு என்ன அறிக்கை அனுப்புவது? பொதுத்துறை வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்களில் தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம் என்று பிடித்தம் போடுவது வழக்கம். அந்தப் பிடித்தம் என் திட்டத்தின் கணக்கில்தான் ஏறும், துறையின் கணக்கில் ஏறாது.

மேலும், வேலை தொடங்கியிருந்தால்தான் கேள்விகள் எழும். வாடிக்கையாளரிடமிருந்து பெற வேண்டிய விவரம் எது குறைகிறது என்பது டிராயிங் போட உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. அதனால்தான் நாங்கள் எல்லோரும் கொஞ்சமாவது தொடங்கிவையுங்கள் என்று துறைத் தலைவர்களிடம் மன்றாடுகிறோம். இதைத் துறைத் தலைவர்கள் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சூலூர்ப்பேட்டை ஓய்வு எழுதியது:

சகோதரி சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. வரைமேசை நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் நியாயமாக இருந்தும் வேலை கெடுகிறதென்றால், அவர்கள் இருவருக்கும் மேலே எடுக்கப்பட வேண்டிய ஒரு முடிவு எடுக்கப்படவில்லை என்று பொருள்.

துறை குறுக்காகவும் திட்டம் நெடுக்காகவும் ஓடும் இந்த அணி (மேட்ரிக்ஸ்) அமைப்பு, 1960-களில் அமெரிக்க விண்வெளி, விமானத் தொழிலில் வேரூன்றியது. நம் நாட்டிலும் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1983-இல் ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது, பிரித்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் என்று ஐந்து ஏவுகணைகளை அப்துல் கலாம் தலைமையில் ஐதராபாத் ஆய்வகம் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு ஏவுகணைக்கும் ஒரு திட்ட இயக்குநர் இருந்தார். உந்துவிசை, வழிகாட்டல், கட்டமைப்பு போன்ற வல்லமைகளை ஐந்து திட்டங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரே ஆண்டில் ஒப்புதல் பெற்றவை என்பதற்காக ஐந்தும் ஒரே வேகத்தில் நகரவில்லை. பிரித்வி 1988-இலும் அக்னி 1989-இலும் முதன்முதலாகப் பறந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தலைமை இருந்து, எது முன்னே எது பின்னே என்று பார்த்தால்தான் அப்படிப்பட்ட ஏற்பாடு தாங்கும்.

உங்கள் நிறுவனத்தில் ஒன்பது திட்டங்களையும் ஒன்று முதல் ஒன்பது வரை வரிசைப்படுத்தி, அந்தத் தாளில் கையெழுத்திட்டவர் யார்? பெரும்பாலான இடங்களில் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். "எல்லாமே முக்கியம்" என்று மேலிடம் சொல்லிவிடும். அதன் விளைவாக, நிறுவனத்தின் முன்னுரிமையைத் தீர்மானிக்கும் சுமை, அதற்கான அதிகாரமோ விவரமோ இல்லாத துறைத் தலைவரின் மேசைக்கு வந்து சேர்கிறது. எந்த ஒப்பந்தத்தில் பிடித்தம் உண்டு, எந்த வாடிக்கையாளர் அடுத்த ஆர்டர் தரவிருக்கிறார், எந்தத் திட்டத்தில் பணம் தேங்கி நிற்கிறது என்பவை அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்த பிறகு நான்கு பேரின் வருத்தத்தையும் அவரே சுமக்கிறார். துறைத் தலைவருக்கு உதவுவது என்று நீங்கள் கேட்டால், நான் இதை அவர் தோளிலிருந்து இறக்குவதையே முதலாவதாகச் சொல்வேன்.

கஞ்சிக்கோட்டு வரைமேசை எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட தாள் எங்களிடம் இல்லை. வாட்ஸ்அப்பில் "அவசரம்" என்று வரும் செய்திகள்தான் எங்கள் வரிசை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திட்டத்தின் கால அட்டவணையைத் தலைமை அலுவலகத்தில் போடும்போது துறையைக் கேட்பதில்லை. ஓண வாரத்தில் என் துறையில் பாதி மேசைகள் காலியாக இருக்கும். பொங்கல் வாரத்தில் மறுபாதி. இரண்டு மாநிலத்து ஆட்களும் சேர்ந்து வேலை செய்யும் எல்லை ஊரில் இது ஆண்டுதோறும் தெரிந்த செய்தி. ஆனால் அட்டவணையில் அந்த வாரங்களுக்கும் பதினான்கு பேர் முழுமையாகக் கணக்கிடப்பட்டிருக்கிறார்கள். விஷு, தீபாவளி ஆகியவற்றுக்கும் அப்படியே.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

வணக்கம். நான் உற்பத்தித் திட்டமிடலில் வேலை செய்கிறேன். தடாக்காரர் ஒருவருக்குச் சொன்ன கணக்கைத் துறை முழுமைக்கும் விரித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பொது மேலாளரிடம் பேசும்போது உணர்ச்சியைவிட எண் கைகொடுக்கும்.

ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. ஓர் அமைப்புக்குள் சராசரியாகத் திறந்து கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். உங்கள் துறை வாரத்துக்கு ஐந்து டிராயிங் தொகுப்புகளை முடிக்கிறது, உள்ளே முப்பது தொகுப்புகள் திறந்து கிடக்கின்றன என்றால், ஒரு தொகுப்புக்குச் சராசரி ஆறு வாரம். முடிக்கும் வேகம் அதே ஐந்தாக இருக்க, திறந்திருப்பதைப் பதினைந்தாகக் குறைத்தால் மூன்று வாரம். மீதிப் பதினைந்தும் துறைக்கு வெளியே, தொடங்கப்படாமல், வரிசை எண்ணுடன் காத்திருக்கும். வெளியே காத்திருக்கும் வேலையின் வரிசையை மாற்றுவது எளிது. வாடிக்கையாளர் விவரத்தை மாற்றினாலும் பாழாவதற்கு ஒன்றுமில்லை. பாதி போட்ட டிராயிங்குக்கு இந்த வசதி கிடையாது.

எங்கள் சித்தூர்த் தாலுகாவில் ஆழியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். எல்லா மடைகளையும் ஒரே நாளில் திறந்தால் கடைமடைக்கு ஈரம்கூட எட்டாது என்பது இங்குள்ள தென்னந்தோப்புக்காரர் எல்லோருக்கும் தெரியும். தன் முறை எந்த நாள் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர் காத்திருக்கவும் தயங்குவதில்லை.

அடுத்தது, 100 சதவீதம் என்ற அந்தக் கூட்டுத்தொகை. வேலைகள் முறையில்லாமல் வந்துகொண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் கூடிக் குறைந்துகொண்டும் இருக்கும் இடத்தில், வரிசைக் கோட்பாடு தரும் எளிய கணக்கு இது. ஒருவரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு புதிய வேலை தன் முறைக்காகக் காத்திருக்கும் காலம், அந்த வேலையைச் செய்ய ஆகும் சராசரி நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் நிரம்பியிருந்தால் 9 மடங்கு. 95 சதவீதமானால் 19 மடங்கு. 100 சதவீதத்தில் வரிசைக்கு முடிவே இல்லை. உங்கள் துறை இந்தச் சூத்திரத்தின் நிபந்தனைகளுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், கடைசிப் பத்து சதவீதத்தில் காத்திருப்பு செங்குத்தாக ஏறும் போக்கு எங்கும் இருக்கும். ஆகவே பண்டிகை, விடுப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கழித்த பிறகு எஞ்சும் நேரத்திலும் 80 முதல் 85 சதவீதத்துக்கு மேல் திட்டங்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. எஞ்சியதை "சும்மா இருக்கும் நேரம்" என்று நிர்வாகம் பார்க்கும். பேனல் ஷாப்பிலிருந்து வரும் கேள்விக்கு அன்றே விடை சொல்லவும், வாடிக்கையாளர் குறிப்புகளோடு திருப்பி அனுப்பும் டிராயிங்கை உடனே திருத்தவும் வேண்டிய நேரம் அதுவே என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

நகரி திட்டம் எழுதியது:

வாய்க்கால் முறை எனக்குப் புரிகிறது. அந்தக் கடைமடை விவசாயிக்குத் தன் நாள் எது என்று தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அந்த நாள் தெரிவதில்லை. ஒரு துறைத் தலைவர் "உங்கள் வேலையை ஏழாம் வாரம் தொடங்கி பதினோராம் வாரம் தருவேன்" என்று எழுத்தில் சொல்லி, அதைக் காப்பாற்றுவார் என்றால், நான் ஆறு வாரமும் அவர் மேசைப் பக்கம் போக மாட்டேன். வாடிக்கையாளரிடமும் அதே தேதியைச் சொல்லிவிடுவேன். தேதி நம்பத் தகுந்ததாக இல்லாததால்தான் தொடங்கிவைக்கச் சொல்கிறோம்.

விவரக் குறைபாடு பற்றி நான் முன்பு எழுப்பிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை.

தடா டூல்ரூம் எழுதியது:

சகோதரியின் கேள்விக்கு எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு வேலை வரிசையில் சேர்வதற்கு முன்னால், அனுபவமுள்ள ஒருவர் அரை நாள் உட்கார்ந்து அதைப் படித்து, என்னென்ன விவரம் குறைகிறது என்று எழுதித் திட்ட மேலாளரிடம் கொடுத்துவிடுவார். இது தொடக்கம் ஆகாது, டூல்ரூமில் ஒருவர் கையையும் இது கட்டிப்போடாது. குறைகள் தீர்ந்து எல்லா விவரமும் கையில் வந்த பிறகே வேலை உள்ளே வரும். காத்திருக்கும் அந்த ஆறு வாரத்தில் நீங்கள் வாடிக்கையாளரிடம் விவரம் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்; அது வீணான காத்திருப்பு இல்லை. மின்பேனலுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ரிலே (மின்கோளாறு வந்தால் இணைப்பைத் துண்டிக்கச் செய்யும் கருவி) எந்த வகை, கேபிள் மேலிருந்து வருமா கீழிருந்து வருமா என்று தெரியாமல் போட்ட ஜி.ஏ. டிராயிங் இரண்டாம் முறை போட வேண்டியதாகத்தானே இருக்கும்?

தேதியைப் பற்றி. திட்ட மேலாளர் துறையிடம் ஆளைக் கேட்கக் கூடாது, பொருளைக் கேட்க வேண்டும். "இன்னாரை எனக்கு இரண்டு நாள் கொடுங்கள்" என்று கேட்டால், அவர் துறைத் தலைவரின் வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிடுகிறார். "இந்த டிராயிங் தொகுப்பு இந்தத் தேதிக்கு வேண்டும்" என்று கேட்டால், யார் செய்வது, எப்படிச் செய்வது, யார் சரிபார்ப்பது என்பதைத் துறைத் தலைவர் முடிவு செய்யலாம். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பது திட்டத்தின் பக்கம். யார், எப்படி என்பது துறையின் பக்கம். இந்த எல்லையை நிர்வாகம் எழுத்தில் வரைந்து கொடுத்தால், பாதிச் சச்சரவு குறையும். தேதியைக் கொடுத்த துறைத் தலைவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம், அதில் எனக்கு மறுப்பில்லை.

வரைமேசை நண்பருக்கு ஒரு கேள்வி. பதினான்கு பேர் என்கிறீர்கள். எல்லாத் திட்டங்களும் வந்து இடிக்கும் ஒருவர் அவர்களில் இருக்கிறாரா?

கஞ்சிக்கோட்டு வரைமேசை எழுதியது:

இருக்கிறார். பாதுகாப்பு ரிலேக்களின் அமைப்பும் பஸ்பார் கணக்கும் எங்கள் மூத்த பொறியாளர் அம்மா ஒருவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும். ஒன்பது திட்டங்களும் அவருடைய கையெழுத்துக்காக வரிசையில் நிற்கின்றன. அவர் விடுப்பு எடுக்கவே தயங்குகிறார், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சூலூர்ப்பேட்டை ஓய்வு எழுதியது:

அப்படியானால் உங்கள் துறையின் அளவு பதினான்கு பேர் அன்று, அந்த ஒருவர்தான். அவர் வாரத்துக்கு எத்தனை தொகுப்புகளைச் சரிபார்த்து வெளியே அனுப்ப முடியுமோ, அதற்கு மேல் மற்றப் பதின்மூன்று பேர் டிராயிங் போட்டு என்ன பயன்? அவர் மேசையில் அடுக்கு உயரும், அவ்வளவுதான். இன்றைக்கே அவரிடமிருந்து, வேறு யாராலும் செய்யக்கூடிய எல்லா வேலையையும் எடுத்துவிடுங்கள். கூட்டங்கள், பொருள் பட்டியல் சரிபார்ப்பு, டிராயிங் எண் கொடுப்பது, தொலைபேசி அழைப்புகள் எதுவும் அவரிடம் இருக்கக் கூடாது. அவர் மேசைக்கு வரும் தொகுப்பு முன்கூட்டியே ஒருமுறை சரிபார்க்கப்பட்டதாக இருக்கட்டும்.

இது உடனடி மருந்து. நிரந்தர மருந்து, இரண்டு இளையவர்களை அவருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது. திட்ட மேலாளருக்குத் தன் திட்டம் முடிந்தால் போதும். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கணக்கைப் போட யார் இருப்பார் என்று கவலைப்பட வேண்டியவர் துறைத் தலைவர் மட்டுமே. ஆனால் எல்லா நேரமும் திட்டங்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால், பயிற்சி என்ற ஒன்று எந்தத் திட்டக் குறியீட்டிலும் அடங்காமல், நடக்காமலே போய்விடும். பயிற்சிக்கென்று தனியாக ஒரு செலவுக் குறியீட்டையும் வாரத்துக்கு அரை நாளையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். ஆள் தர மறுத்த நிர்வாகம் இதைத் தர மறுப்பது கடினம்.

மதிப்பீட்டைப் பற்றியும் ஒரு வரி. ஆண்டு மதிப்பீட்டில் திட்ட மேலாளர்களின் கருத்தைக் கேட்டு வாங்கலாம், ஆனால் மதிப்பெண் போடுபவர் துறைத் தலைவராகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறியாளர்கள் யார் குரல் உயர்ந்து ஒலிக்கிறதோ அவருடைய வேலையையே முதலில் எடுப்பார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கஞ்சிக்கோட்டு வரைமேசை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பொது மேலாளரிடம் நான் வைக்கப்போவது இவைதான்: ஒன்பது திட்டங்களுக்கும் அவர் கையெழுத்திட்ட ஒரே வரிசை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து திட்ட மேலாளர்களும் இருக்கும் கூட்டத்தில் மட்டுமே அந்த வரிசையை மாற்றுவது என்ற ஏற்பாடு, துறையைக் கேட்ட பிறகே வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பது, ஓணமும் பொங்கலும் ஏறிய ஓர் ஆண்டு நாட்காட்டி, மூத்த பொறியாளர் அம்மாவுக்கு இரண்டு மாணாக்கர்கள்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. விற்பனைப் பிரிவிலிருந்து டெண்டருக்கான மதிப்பீடு கேட்டு வருகிறார்கள். அது எந்தத் திட்டத்திலும் சேராது, டெண்டர் தேதியைத் தள்ளவும் முடியாது. இதை வரிசையில் எங்கே வைப்பது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

வரிசையில் வைக்காதீர்கள். நான்கு வாரம் துறையில் ஒவ்வொருவரும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஆளைக் கண்காணிக்க அன்று என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டெண்டர், பேனல் ஷாப்பின் ஐயங்கள், பழைய வாடிக்கையாளரின் புகார் ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு போகிறது என்று எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு ஈடாக ஓர் ஆளையோ இரண்டு ஆட்களையோ எந்தத் திட்டத்திலும் சேர்க்காமல் வாரமுறையில் ஒதுக்கிவிடுங்கள். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர். டெண்டரோடு வருபவர் அந்த வாரத்துக்குரியவரிடம் மட்டுமே போக வேண்டும்; அவர் கை நிறைந்துவிட்டால் எந்த டெண்டரை விடுவது என்று விற்பனைப் பிரிவுத் தலைவரே முடிவு செய்யட்டும். மூத்த பொறியாளர் அம்மாவை மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்க வேண்டாம். நேரம் குறிப்பதை ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் தொடங்காதீர்கள், அந்த நான்கு வாரக் குறிப்பு பொய்யான எண்ணைத் தரும்.